வீட்டுக்குள் வெள்ளம் வந்ததை வாங்குபவரிடம் சொல்லியே ஆக வேண்டுமா?

கெடிலக்கரை:
கடலூரில் கெடிலம் ஆற்றுப் பக்கம் இருக்கும் அப்பாவின் வீட்டை விற்கப் போகிறோம். அப்பா, அம்மா இருவரும் இல்லை. நானும் அண்ணனும்தான் வாரிசு. 2015 வெள்ளத்தில் ஜன்னல் கட்டை வரை தண்ணீர் நின்ற வீடு. அதன் பிறகு ஐப்பசி, கார்த்திகை வந்தாலே பின்னறைச் சுவரில் உப்புப் பூத்து, பூச்சு பொடிப்பொடியாக உதிரும். சுரண்டிவிட்டு மறுபடி பூசியும் நிற்கவில்லை. போன வருடம் அண்ணன் அந்தச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டிவிட்டார். இப்போது ஒன்றும் தெரியாது. வாங்க வருபவர் நெய்வேலிக்காரர். "நீங்களாக வாயைத் திறக்காதீர்கள், விலை விழுந்துவிடும்" என்கிறார் புரோக்கர். அடுத்த வாரம் கிரய ஒப்பந்தம். என்ன செய்வது?

முதுநகர் வியாபாரி:
தம்பி, சொல்லத் தேவையில்லை. 2011-ல் தானே புயல், 2015-ல் வெள்ளம், 2024-ல் ஃபெஞ்சல் சமயத்தில் தென்பெண்ணை. கடலூரில் தண்ணீர் வந்தது ஊர் உலகத்துக்கே தெரியும். லட்சக்கணக்கில் பணம் எடுத்து வருபவர் பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை விசாரிக்க மாட்டாரா? வில்லங்கம் இல்லாமல், வரி பாக்கி இல்லாமல் கொடுப்பது உங்கள் பொறுப்பு. சுவரைத் தட்டிப் பார்ப்பது அவர் பொறுப்பு.

செம்மண்டலம் கீதா:
நான் சிவில் வழக்குகள் பார்ப்பவள். வியாபாரி அண்ணன் சொல்வதில் பாதிதான் சட்டம். 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆவது பிரிவைப் பாருங்கள். சொத்திலோ அதன் உரிமையிலோ முக்கியமான குறை இருந்து, அது விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவருக்குத் தெரியாமல், அவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாததாக இருந்தால், விற்பவர் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால் அது மோசடி என்று அதே பிரிவு சொல்கிறது.

ஊரில் வெள்ளம் வந்தது எல்லோருக்கும் தெரியும், சரி. இந்தச் சுவர் வருடா வருடம் உதிர்வது நெய்வேலிக்காரருக்கு எப்படித் தெரியும்? டைல்ஸைப் பெயர்த்துப் பார்ப்பது சாதாரணக் கவனம் இல்லை.

முதுநகர் வியாபாரி:
சும்மா இருப்பதே மோசடி என்றால் எவனும் வீடு விற்க முடியாது அம்மா. ஒப்பந்தச் சட்டம் 17-ஆவது பிரிவிலேயே வெறும் மௌனம் மோசடி ஆகாது என்று விளக்கம் இருக்கிறதே. இன்னொன்றும் கேட்கிறேன். அந்தப் பக்கம் பெரிய ரோடு வரப்போகிறது என்று வாங்குபவருக்கு முன்கூட்டியே தெரிந்தால் எங்களிடம் சொல்வாரா? விற்பவன் மட்டும் நெஞ்சைத் திறந்து காட்ட வேண்டுமா?

செம்மண்டலம் கீதா:
ரோடு விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, அதைச் சொல்லும் கடமை அவருக்கு இல்லை. விற்பவருக்குச் சொத்தில் உள்ள உரிமை பற்றி, விற்பவருக்கே தெரியாத, மதிப்பை நன்றாகக் கூட்டும் விஷயம் தெரிந்தால் மட்டும் வாங்குபவர் சொல்ல வேண்டும். அதுவும் 55-இல்தான் இருக்கிறது. ரோடு வருவதை அரசாங்க அறிவிப்பில் நீங்களும் பார்க்கலாம். அந்தச் சுவருக்குப் பின்னால் இருப்பதைப் பார்க்க அவருக்கு வழியில்லை.

மௌனம் பற்றி அந்த விளக்கத்தை முழுதாகப் படியுங்கள். பேச வேண்டிய கடமை இருக்கும் இடத்தில் அந்தச் சலுகை கிடையாது. அதே 17-ஆவது பிரிவில், தெரிந்த விஷயத்தை வேண்டுமென்றே மறைப்பதும் மோசடி. தம்பியின் அண்ணன் எதற்காக டைல்ஸ் ஒட்டினார் என்று நீதிமன்றத்தில் கேட்டால் என்ன பதில் சொல்வார்?

துறைமுகம்:
ரெராவில் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) கட்டடக் குறைகளுக்கு 5 வருட உத்தரவாதம் இருக்கிறதே, அது இதற்குப் பொருந்தாதா?

செம்மண்டலம் கீதா:
பொருந்தாது. அது கட்டி விற்கும் நிறுவனங்களுக்கு. சொந்த வீட்டை விற்கும் குடும்பத்துக்கு 1882 சட்டம்தான்.

பத்திர எழுத்தர்:
நாங்கள் எழுதும் கிரயப் பத்திரத்தில் "யாதொரு வில்லங்கமும் கிடையாது, பின்னிட்டு ஏற்பட்டால் என் சொந்தச் செலவில் தீர்த்துக் கொடுப்பேன்" என்று வரும். அது உரிமை பற்றியது. சுவர், கூரை, செப்டிக் டேங்க் பற்றி அதில் ஒரு எழுத்தும் இல்லை. வில்லங்கச் சான்றிலும் பதிவான ஆவணங்கள்தான் வரும். கலிபோர்னியாவில் விற்பவர் தனக்குத் தெரிந்த குறைகளைப் படிவத்தில் நிரப்பிக் கொடுக்க வேண்டும். இங்கே அப்படிப் படிவம் இல்லாததால் கடமையும் இல்லை என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள்.

என் யோசனை: "வீட்டை உள்ளது உள்ளபடி பார்த்துத் திருப்தியடைந்து வாங்குகிறேன்" என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். 55-ஆவது பிரிவே, வேறு ஒப்பந்தம் இல்லாதபோதுதான் இந்தக் கடமைகள் என்று தொடங்குகிறது.

செம்மண்டலம் கீதா:
அந்த வரியை மட்டும் நம்பாதீர்கள் ஐயா. கண்ணுக்குத் தெரியும் குறைக்கு அது கை கொடுக்கும். மறைத்ததை "உள்ளது உள்ளபடி" என்று எப்படிச் சொல்வது? பத்திரத்தை ரத்து செய்ய வழக்குப் போடும் கெடுவும், உண்மை தெரிய வந்த நாளிலிருந்துதான் 3 ஆண்டு. பதிவான நாளிலிருந்து எண்ணி நிம்மதியாக இருந்துவிட முடியாது.

தம்பி, இன்னொன்று: "மழைக்காலத்தில் ஓதம் ஏறுமா?" என்று அவர் நேராகக் கேட்டுவிட்டால், தெரிந்த வரைக்கும் உண்மையான பதில் சொல்வதும் சட்டப்படி உங்கள் கடமை. அந்த வீட்டில் அவர் பெண்டாட்டி பிள்ளைகள் படுத்துத் தூங்கப் போகிறார்கள். சொல்லிவிட்டு விற்றால் கொஞ்சம் பணம்தான் போகும்.

முதுநகர் வியாபாரி:
அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று வீட்டுக்காரனுக்குத்தான் தெரியும். வெள்ளம் என்ற வார்த்தை காதில் விழுந்தாலே கேட்கும் விலையில் பாதிக்கு வருவார்கள். நேர்மையாக இருப்பவன் மட்டும் நஷ்டப்பட வேண்டும், பக்கத்து வீட்டுக்காரன் மறைத்து விற்றுவிட்டுப் போவான். படிவம் என்று ஒன்று எல்லோருக்கும் கட்டாயமாக வந்தால் நானும் ஒப்புக்கொள்கிறேன்.

கெடிலக்கரை:
எல்லோருக்கும் நன்றி. தண்ணீர் நின்ற மட்டம், உப்புப் பூக்கும் சுவர் இரண்டையும் ஒப்பந்தத்திலேயே எழுதலாம் என்று இருக்கிறேன். ஒப்பந்தத்துக்கு முன்னால் நெய்வேலிக்காரரை வரச் சொல்லி, ஒரு டைல்ஸைப் பெயர்த்தும் காட்டுவேன். அண்ணன் இன்னும் சம்மதிக்கவில்லை. அவர் கையெழுத்து இல்லாமல் முழு வீட்டையும் விற்க முடியாதே, ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பேசுகிறோம்.

முதுநகர் வியாபாரி:
காட்டுவதானால் கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு போ தம்பி. சரிசெய்ய என்ன செலவாகும் என்று அவரிடம் எழுதி வாங்கிக்கொள். அதற்கு மேல் ஒரு ரூபாயும் குறைக்காதே.