சக்கரத்தில் பழகுபவர் எந்தக் களிமண்ணை வாங்குவது?

கேள்வி:
வணக்கம். மட்பாண்டம் வனையப் புதிதாகப் பழகி வருகிறேன். சென்ற வாரம் பீங்கான் களிமண்ணில் ஒரு கிண்ணம் வனைந்தபோது, விளிம்பை மெல்லிதாக்கும் முன்பே சுவர் சரிந்து சக்கரத்தில் படுத்துவிட்டது. பிழை என் கையிலா, மண்ணிலா?

மறுமொழி 1:
இரண்டிலும் இருக்கலாம், ஆனால் பீங்கான் களிமண் சற்று அதிகமாக நீர் குடித்தாலே தளர்ந்துவிடும் என்பதால், தொடக்கத்தில் அது வேண்டாம். சுட்ட மண்ணை இடித்த நுண்பொடி, அதாவது குரோக், கலந்த ஸ்டோன்வேர் களிமண்ணை (அதிகச் சூட்டில் வெந்து கல்போல் இறுகும் வகை) வாங்குங்கள். அந்தப் பொடி சுவரைத் தாங்கிப் பிடிப்பதோடு, உலரும்போது ஏற்படும் சுருக்கத்தையும் விரிசலையும் குறைக்கிறது. பொடி பருமனாக இருந்தால் உள்ளங்கை தேய்ந்து எரியும். இதை நான் பட்டே அறிந்தேன்.

மறுமொழி 2:
வாங்குமுன், உங்களுக்குக் கிடைக்கும் சூளையின் வெப்பநிலையைக் கேட்டறியுங்கள். செம்மண் பாண்டங்கள் ஏறத்தாழ 1,000 முதல் 1,150 டிகிரி செல்சியஸில் வெந்துவிடும். ஸ்டோன்வேருக்கு 1,200-க்கு மேல் வேண்டும். முன்னதைப் பின்னதன் சூட்டில் வைத்தால், அது உருகிச் சூளைத் தட்டில் ஒட்டிக்கொள்ளும்.

மறுமொழி 3:
மண்ணைப் பென்சில் பருமனுக்கு உருட்டி விரலில் சுற்றிப் பாருங்கள். வெடிப்பு விழுந்தால், ஈரமோ நெகிழ்வோ போதவில்லை என்று பொருள்.