கூடலூர்: மூன்று தலைமுறை தோட்டத்தில் இருந்தும் ரெண்டு சென்ட் ஏன் இல்லை?

தேவாலா மழை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கூடலூர், பந்தலூர் பக்கத்து நில விஷயம் தெரிந்தவர்கள் இருந்தால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.

அம்மா போன வருஷம் தோட்டத்தில் ரிட்டயர் ஆகிவிட்டார். 36 வருஷம் கொழுந்து பறித்திருக்கிறார். 1972இல் இலங்கைப் பதுளையிலிருந்து ஆறு வயசுப் பிள்ளையாகக் கப்பலில் வந்தவர். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்களைத் தங்கவைத்த மண்டபம் முகாமில் தாத்தாவுக்குக் கடை வைக்கக் கடன் என்று எழுதிப் புதுக்கோட்டைப் பக்கம் அனுப்பிவிட்டார்கள். தேயிலையைத் தவிர வேறு தொழில் தெரியாத மனுஷன், ஒன்றரை வருஷத்தில் கடையும் போய்க் கடன் மட்டும் மிஞ்சி, கூடலூர்ப் பக்கம் தோட்டத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று யாரோ சொன்னதைக் கேட்டுக் குடும்பத்தோடு மலையேறிவிட்டார். அப்புறம் தாத்தா, அம்மாச்சி, அம்மா எல்லாருக்கும் ஒரே தோட்டம், ஒரே பாடி (தோட்டத்து வரிசை வீடுகள்), ஒரே வீடு.

இப்போது அந்த வீட்டைக் காலி செய்து சாவி கொடுத்தால்தான் கிராஜுவிட்டி என்கிறார்கள். நான் திருப்பூரில் இருக்கிறேன், தங்கை கோயம்புத்தூரில். வீட்டில் யாருக்கும் தோட்டத்தில் பேர் இல்லை, அதனால் வீட்டை மாற்றித் தரவும் வழியில்லையாம். சரி, ரெண்டு சென்ட் வாங்கி ஒரு ரூமாவது போடலாம் என்று ரெண்டு மாசமாக லீவு போட்டு அலைகிறேன். காட்டுகிற இடம் எதற்கும் பட்டா இல்லை. "செக்‌ஷன் 17 தம்பி, இங்கே எல்லாம் கைப்பேப்பர்தான்" என்கிறார்கள். பேங்கில் சர்வே நம்பரைப் பார்த்ததுமே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

வீட்டுக்குப் பின்னால் அம்மாச்சி வைத்த நாரத்தை மரம் நிற்கிறது. போன வாரம் போனபோது அம்மா அதில் ஒரு பழத்தை அறுத்து விதையெடுத்து, சாம்பலில் புரட்டிப் பழைய பால் பாக்கெட்டில் மடித்து வைத்திருந்தார். எங்கே நடப்போம் என்று அவரும் கேட்கவில்லை, நானும் ஒன்றும் சொல்லவில்லை.

செக்‌ஷன் 17 என்றால் என்ன? ஆயிரக்கணக்கான ஏக்கர் ஒரே கையில் இருக்கும்போது, அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு வீட்டடி மனை கூட இல்லாமல் போனது எப்படி? கிராஜுவிட்டியை இப்படி நிறுத்தி வைக்கலாமா?

பந்தலூர் குமாஸ்தா எழுதியது:

தம்பி, நான் ஒரு வக்கீலிடம் இருபது வருஷமாகக் குமாஸ்தா. இந்தக் கேள்வியோடு வாரத்துக்கு ஒருத்தராவது வருகிறார்கள், அதனால் ஆதியிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

கூடலூர்ப் பக்கம் முன்பு மலபார் மாவட்டத்து வயநாட்டோடு இருந்தது, 1870களில்தான் நீலகிரியோடு சேர்த்தார்கள். அதனால் நிலமும் மலபார் முறைப்படி ஜன்ம நிலம், உடையவர் ஜன்மி. நமக்கு ஜன்மி நிலம்பூர் கோவிலகம், ஒரே குடும்பத்துக்கு 80,000 ஏக்கருக்கு மேல். தோட்டம் போட வந்த வெள்ளைக்காரர்கள் கோவிலகத்திடம்தான் நிலம் எடுத்தார்கள். ஓவேலி என்கிறோமே, அது ஆக்டர்லோனி வேலி என்ற பேரின் சுருக்கம், அந்தக் குடும்பம் காப்பி போட்ட பள்ளத்தாக்கு. தேயிலை பிற்பாடு வந்தது. இதற்கெல்லாம் முன்பே இந்தக் காட்டில் இருந்தவர்கள் பணியர், காட்டுநாயக்கர், குறும்பர். பணியர்களை மானந்தவாடி வள்ளியூர்க்காவுத் திருவிழாவில் வைத்து வருஷத்துக்கு இவ்வளவு என்று பேசி அழைத்துப்போய் அடிமையாக வேலை வாங்கிய காலம் உண்டு. நிலத்தைப் பற்றிப் பேசும்போது அவர்களைச் சொல்லாமல் தாண்டிப் போக எனக்கு மனசு வராது.

தமிழ்நாடு அரசு 1969இல் கூடலூர் ஜன்ம நிலங்களை ஒழித்து ரயத்துவாரியாக, அதாவது நடுவில் ஜன்மி இல்லாமல் பயிர் செய்பவர் நேரே அரசுக்கு வரி கட்டுகிற முறையாக, மாற்றச் சட்டம் போட்டது. தோட்டக்காரர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1972இல் கோர்ட் பெரும்பகுதியை ஏற்றுக்கொண்டு, காடுகளை எடுப்பது நிலச் சீர்திருத்தத்தில் வராது என்று அந்தப் பகுதியை மட்டும் தள்ளியது. 1974இல் கோர்ட் கைவைக்க முடியாதபடி சட்டத்தை அரசியல் சாசனத்தின் 9வது அட்டவணையில் வைத்தார்கள், அந்த வருஷ நவம்பரிலேயே நடைமுறைக்கும் வந்தது. சொந்தமாகப் பயிர் செய்தவர்களுக்குப் பட்டா கொடுக்கத் தனிப் பிரிவுகள் இருக்கின்றன. ஜன்மி தோட்டத்துக்குக் குத்தகை விட்ட நிலம்தான் 17ஆம் பிரிவு. ஜன்மி இருந்த இடத்தில் அரசு வந்து உட்கார்ந்தது, குத்தகை அப்படியே தொடர்ந்தது. பொது நன்மைக்கு என்றால் அரசு நோட்டீஸ் கொடுத்துக் குத்தகையை முடிக்கலாம். முடிக்கப்போனால் வழக்கு, முடிக்காவிட்டால் பழைய நிலைமை. இதற்கு நடுவில் அந்த நிலத்தில் குடிசை போட்டு, அப்புறம் ஓடு போட்டு, பிள்ளைகளைப் படிக்க வைத்த ஜனங்களுக்குக் கையில் ஒரு காகிதமும் இல்லை. நிறைய வீட்டுக்குக் கரன்ட் கனெக்‌ஷனே இதனால்தான் வருஷக்கணக்கில் இழுத்தது.

9வது அட்டவணையில் வைத்த சட்டத்தையும் கோர்ட் பரிசீலிக்கலாம் என்று 2007 ஜனவரியில் ஒன்பது நீதிபதிகள் சொன்ன கோயலோ வழக்கைச் சட்டம் படிக்கிற எல்லாப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். அந்த வழக்கு கிளம்பியது நம் கூடலூர் நிலத்திலிருந்துதான்.

இன்னொன்று, நில உச்சவரம்பு. 1961இல் 30 ஸ்டாண்டர்டு ஏக்கர், 1970இல் அதை 15 ஆக்கினார்கள். தேயிலை, காப்பி, ஏலம், ரப்பர் தோட்டங்களுக்கு விலக்கு. தோட்டத்தைத் துண்டு போட்டால் தொழில் கெடும் என்பது அவர்கள் சொன்ன காரணம். இருக்கட்டும், பாடி நிற்கிற அஞ்சு பத்து ஏக்கரைப் பிரித்துக் கொடுத்திருந்தால் எந்தத் தொழில் கெட்டிருக்கும் என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை.

கிராஜுவிட்டி வருஷத்துக்கு 15 நாள் கூலி. அம்மாவுக்கு 36 வருஷத்துக்கு 540 நாள் கூலி. வேலை முடிந்த 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும், தள்ளிப்போனால் வட்டி உண்டு. தொழிலாளர் துறையில் கிராஜுவிட்டி கேஸ் பார்க்கிற அதிகாரியிடம் மனுப் போடுங்கள். அதுவரைக்கும் வெற்றுப் பேப்பரில் கையெழுத்து வேண்டாம், சாவியை ஒப்படைத்தாலும் எழுதி வாங்கிக்கொண்டு ஒப்படைக்கச் சொல்லுங்கள்.

கோத்தகிரி ஹட்டி எழுதியது:

நாங்கள் படகர், ஒன்றேகால் ஏக்கர் தேயிலை, பட்டா அப்பா பேரில். 2000த்தை ஒட்டிப் பச்சைக் கொழுந்து விலை விழுந்தபோது எங்கள் ஹட்டியில் (ஊரில்) பாதிப் பேர் பறிக்காமலேயே விட்டுவிட்டார்கள், செடி ஆளுயரம் வளர்ந்து நின்றது. நகையை வைத்தோம், கேரட் போட்டோம், அண்ணன் ஊட்டியில் டாக்சி ஓட்டினார். எப்படியோ தாண்டினோம் என்றால் வீடும் நிலமும் எங்களுடையதாக இருந்ததுதான் காரணம். அதே வருஷங்களில் மூடிய தோட்டங்களிலிருந்து எங்கள் ஊருக்குக் கவ்வாத்து வெட்ட வந்தவர்கள் சாயங்காலம் திரும்பிப்போக வேண்டிய வீடே அடுத்த மாசம் இருக்குமா என்று தெரியாமல் இருந்தார்கள். ரெண்டு பேரும் ஒரே விலையில்தான் அடிபட்டோம், ஆனால் விழுந்த ஆழம் வேறு.

தேவாலா மழை எழுதியது:

குமாஸ்தா அண்ணா, ரொம்ப நன்றி. இவ்வளவு நாளாக யாரும் இப்படி உட்கார்ந்து சொன்னதில்லை. வன உரிமைச் சட்டத்தில் எங்களைப் போன்றவர்கள் கேட்க முடியாதா?

பந்தலூர் குமாஸ்தா எழுதியது:

கஷ்டம் தம்பி. 2006 சட்டத்தில் பழங்குடியினர் 13-12-2005க்கு முன்பிருந்தே அனுபவத்தில் இருந்தால் கேட்கலாம். மற்றவர்கள் அதற்கு முன்னால் மூன்று தலைமுறை, அதாவது 75 வருஷம், அங்கேயே இருந்து காட்டை நம்பிப் பிழைத்ததாகக் காட்ட வேண்டும். இலங்கைத் தோட்டத் தமிழர்களை இங்கே அனுப்ப இந்தியாவும் இலங்கையும் போட்ட 1964 ஒப்பந்தத்துக்கு அப்புறம் வந்தவர்களால் அதை எப்படிக் காட்ட முடியும்?

கொழுந்தம்மா எழுதியது:

தம்பி, நான் இருபத்தெட்டு வருஷம் ஒரு தோட்டத்துப் பிள்ளைக் காப்பகத்தில் வேலை பார்த்தவள். ஆறு மணிக்கு அம்மாமார் கைக்குழந்தையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து விடுவார்கள், மழையில் தலைமேல் போர்த்திய கொங்காணியெல்லாம் சொட்டச் சொட்ட. பத்து மணிக்குப் பால் கொடுக்க ஓடி வருவார்கள். விரலெல்லாம் கொழுந்துக் கறை பிடித்துக் கறுத்திருக்கும், எவ்வளவு கழுவினாலும் போகாது. பிள்ளையைத் தொடுமுன் புடவையில் ஒரு தடவை துடைத்துக்கொள்வார்கள்.

1951 தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு, ஆஸ்பத்திரி, காப்பகம் எல்லாம் கொடுக்கச் சொன்னது. அந்தச் சட்டத்தால் எத்தனையோ பிள்ளைகள் பிழைத்தன, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் எல்லாமே செக்ரோலில், அதாவது தோட்டத்து வேலையாள் பதிவேட்டில், இருக்கிற பேரோடு கட்டியது. பேர் போனால் வீடு போச்சு, மருந்து போச்சு. ஊர் என்று ஒன்று உருவாகவே விடவில்லை. பஞ்சாயத்து ரோடு போட வேண்டுமென்றாலும் தோட்டத்தின் அனுமதி வேண்டும். தாயகம் திரும்பியவர்களுக்காகவே 1968இல் அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்கள்தான் பிற்பாடு டேன்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம் ஆயின. அங்கேயும் வீடு தோட்டத்து வீடுதான்.

ஒன்று மட்டும் செய்யுங்கள். மண்டபத்தில் கொடுத்த குடும்ப அட்டை இருக்கிறதா என்று அம்மாவைக் கேட்டுத் தேடுங்கள். தாலுகா ஆபீசில் வீட்டுமனை கேட்கும்போது வீடில்லாதவர் என்பதோடு தாயகம் திரும்பியவர் என்றும் காட்ட அது வேண்டும். ஒருத்தராகப் போகாதீர்கள், உங்கள் பாடியில் ரிட்டயர் ஆனவர்கள் எல்லாரையும் சேர்த்து ஒரே மனுவாகக் கொடுங்கள்.

தேவாலா மழை எழுதியது:

அக்கா, அட்டை இருக்கிறது. தகரப் பெட்டியில் தாத்தாவின் கம்பளிக்கு அடியில் இருந்ததாம், அம்மா போனில் படித்துக் காட்டினார். அவர் பேருக்கு நேரே வயது 6 என்று போட்டிருக்கிறது. எங்கள் பாடியில் ரிட்டயர் ஆகியும் பணம் வராதவர்கள் ஏழு பேர், நாலு பேர் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்கள். திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் போகிறோம். குமாஸ்தா அண்ணா, மனு எழுதியதும் ஒரு தடவை பார்த்துச் சொல்வீர்களா?