முட்டி ஆபரேஷன் ஆன அப்பாவுக்கு 10 லட்சத்துக்குள்ள ஆட்டோமேட்டிக் கார், எதை நம்பி எடுக்கலாம்?

சாரல்மழை:
எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்குப் புது கார் பாக்குறோம், யூடியூப் வீடியோ பாத்துப் பாத்து தலை சுத்துது, விவரம் தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்க ப்ளீஸ். அப்பாவுக்கு 67 வயசு, ரிடையர்ட் ஹெட்மாஸ்டர், ஊர் தென்காசி. போன வருஷம் முட்டி மாத்துற ஆபரேஷன் ஆச்சு, இப்ப நல்லா நடக்குறார், டாக்டரும் வண்டி ஓட்டலாம்னு சொல்லிட்டார், ஆனா பழைய மேனுவல் வண்டில டவுனுக்குள்ள கிளட்ச் மிதிச்சு மிதிச்சு வீட்டுக்கு வந்தா ராத்திரி பூரா கால் குடையுதுங்குறார். பக்கத்துல உக்காருறது அம்மா, அவங்களுக்கும் ரெண்டு முட்டியும் தேய்மானம். ஓட்டம் ரொம்ப கிடையாது, டவுனு, கோயில், திருநெல்வேலிக்கு டாக்டர்கிட்ட, அப்புறம் புளியரை மலைப்பாதை ஏறி புனலூர்ல அத்தை வீட்டுக்கு. நான் பெங்களூர்ல இருக்கேன், தம்பி துபாய்ல. வண்டி நடுவழில நின்னா ஓடிப்போய்ப் பாக்க வீட்டுல ஆள் இல்ல, அதனால எனக்கு மைலேஜைவிட ரிலையபிலிட்டிதான் முக்கியம். டாக்ஸ், இன்சூரன்ஸ் எல்லாம் சேத்து ஆன்ரோடு 10 லட்சம்தான் பட்ஜெட். மனசுல இருக்குறது மாருதி வேகன்ஆர், மாருதி டிசையர், டாடா பஞ்ச், ஹோண்டா அமேஸ். எது எடுக்கலாம்?

பிசியோ அக்கா:
எந்தக் கால்மா ஆபரேஷன் ஆச்சு?

சாரல்மழை:
இடது கால் க்கா.

பிசியோ அக்கா:
அப்ப நல்லது. ஆட்டோமேட்டிக்ல இடது காலுக்கு வேலையே கிடையாது, ஆக்சிலேட்டர், பிரேக் ரெண்டையும் வலது கால்தான் பாத்துக்கும். வலது முட்டின்னா கதையே வேற, சடார்னு பிரேக் அமுக்குற வேகம் திரும்பி வர்றதுக்குப் பொதுவா ஒரு ஆறு வாரம் வரைக்கும் வெயிட் பண்ணச் சொல்வாங்க. உங்க அப்பாவுக்கு இப்ப ஓட்டுறதைவிட ஏறி இறங்குறதுதான் கஷ்டமா இருக்கும், இதை யாரும் ஷோரூம்ல சொல்ல மாட்டாங்க. சீட் தாழ்வா இருந்தா உக்காரும்போது முட்டி முழுசா மடங்கணும், எழுந்திரிக்கும்போது உடம்பு வெயிட் மொத்தத்தையும் அந்த முட்டிதான் தூக்கணும். சீட் உசரம் அவங்க இடுப்புக்குக் கொஞ்சம் கீழ, அப்படியே பின்னால சாஞ்சு உக்காந்து ரெண்டு காலையும் சேத்து உள்ள திருப்பிப் போடுற மாதிரி இருந்தா பெஸ்ட். ரொம்ப உசரமா இருந்தாலும் தப்பு, காலைத் தூக்கி வைக்கணும். நாலு வண்டிலயும் அப்பாவையும் அம்மாவையும் ஏத்தி இறக்கிப் பாக்காம அட்வான்ஸ் குடுக்காதீங்க.

கியர்பாக்ஸ் மதுரை:
சிஸ்டர், முதல்ல ஆட்டோமேட்டிக்னு எல்லாரும் சொல்றாங்களே, அது ஒரே சாமான் இல்ல. உங்க லிஸ்ட்ல வேகன்ஆர், டிசையர், பஞ்ச் மூணும் ஏஎம்டி. அதாவது உள்ள இருக்குறது சாதா மேனுவல் கியர்பாக்ஸும் கிளட்சும்தான், நம்ம காலுக்குப் பதிலா ஒரு ஆக்சுவேட்டர் கிளட்சை அமுக்கி கியரை மாத்துது. விலை கம்மி, மைலேஜ் நல்லா இருக்கும், ஆனா கியர் மாறும்போது லேசா ஒரு இழுப்பு தெரியும், தலை முன்னால போயிட்டு வரும். அமேஸ் மட்டும் சிவிடி, ரெண்டு புல்லி நடுவுல ஒரு ஸ்டீல் பெல்ட், கியர்னே தனியா கிடையாது, வெண்ணெய் மாதிரி போகும். கூடவே 1.2 லிட்டர் நாலு சிலிண்டர் பெட்ரோல், டர்போ இல்லாதது, அதுல கெட்டுப்போக பெருசா ஒண்ணும் இல்ல. டிசையர், பஞ்ச் ரெண்டும் மூணு சிலிண்டர், ஐடில்ல நிக்கும்போது லேசா ஒரு அதிர்வு இருக்கும். கம்மி ஓட்டத்துக்கு டீசல் பக்கமே போகாதீங்க, கிட்டக்கிட்டவே ஓட்டுனா புகைக்கரியைப் பிடிக்குற டிபிஎஃப் ஃபில்டர் அடைச்சுக்கும், இந்த பட்ஜெட்ல இப்ப கிடைக்குறதும் அபூர்வம். என் ஓட்டு அமேஸ் சிவிடிக்கு. பெரிய வேரியண்ட் கேக்காதீங்க, கீழ் வேரியண்ட்டே ஆன்ரோடு பத்தை உரசும்.

குற்றாலம் ஒர்க்‌ஷாப்:
ஏம்மா, நம்ம ஊர்ப்பிள்ளையா, சந்தோசம். நான் இந்தப் பக்கந்தான் பட்டறை வச்சிருக்கேன். புளியரை போவோம்னு சொல்லுதீங்க, அந்த எஸ் வளைவுல லாரி முன்னால நின்னுச்சுன்னா பின்னால அத்தனை வண்டியும் ஏத்தத்துல நிக்கும். அங்கதான் ஏஎம்டி ஓட்டுறவங்க ஒரு காரியம் செய்யுதாங்க, பிரேக்கை விட்டுட்டு ஆக்சிலேட்டரை லேசா மிதிச்சே வண்டிய நிப்பாட்டி வைக்காங்க. வண்டி நிக்கத்தான் செய்யும், ஆனா உள்ள கிளட்ச் பாதி பிடிச்சும் பிடிக்காமலும் தேஞ்சு சூடாகும், கருகுற வாடை வரும், டிஸ்பிளேல வார்னிங் வரும். எங்கிட்ட கிளட்ச் போயி வார ஏஎம்டி முக்காவாசி இப்படித்தான். வண்டி மேல குத்தம் இல்ல. ஏத்தத்துல நின்னா பிரேக், ரொம்ப நேரம்னா நியூட்ரல் போட்டு ஹேண்ட்பிரேக், இதை சார்கிட்ட மட்டும் சொல்லிருங்க. ஹில் ஹோல்டு இருக்க வேரியண்டா பாத்து எடுங்க, பிரேக்குல இருந்து காலை எடுத்ததும் ரெண்டு செகண்டு வண்டிய அதுவே பிடிச்சிக்கிடும். இன்னொண்ணு, சர்வீஸ் சென்டர் ஆலங்குளம் தாண்டிப் போற மாதிரி இருக்க கம்பெனி வண்டிய எடுக்காதீங்க. உங்க அப்பா காலையில விட்டுட்டு சாயந்தரம் எடுத்துட்டு வாரமாதிரி இருக்கணும், என்ஜின் எவ்வளவு நல்லா இருந்தாலும் ஒரு சென்சாருக்கு பத்து நாளு காத்துக் கிடந்தா அது வயசானவங்களுக்கு ஆகாது.

நாலுவழிச்சாலை:
சேஃப்டி பத்தி யாருமே பேசல. வேகன்ஆர் 2023ல குளோபல் என்கேப்ங்குற கிராஷ் டெஸ்ட்ல அஞ்சுக்கு 1 ஸ்டார்தான் வாங்குச்சு, அப்ப அதுல ரெண்டு ஏர்பேக், இப்ப ஆறு ஸ்டாண்டர்டா குடுக்குறாங்க, ஆனா ஏர்பேக் கூடுனதால பாடி உறுதி மாறிடாது. பஞ்ச் 2021லயே 5 ஸ்டார், புது டிசையர் 2024 நவம்பர்ல 5 ஸ்டார், மாருதில முதல் 5 ஸ்டார் அதுதான். வயசானவங்க எலும்பு சின்ன இடியையே தாங்காது, அதை யோசிச்சுக்கோங்க. விலை விஷயம், 2025 செப்டம்பர் 22ல இருந்து சின்ன கார் ஜிஎஸ்டி 28ல இருந்து 18 ஆயிடுச்சு, நாலு மீட்டருக்குள்ள 1200 சிசி வரைக்கும் பெட்ரோல். அதனால பழைய வீடியோல சொல்ற விலையை நம்பாதீங்க. தமிழ்நாட்டுல லைஃப் டாக்ஸ் 5 லட்சத்துக்கு மேல 10 லட்சம் வரைக்கும் 13 சதவீதம், 10 தாண்டுனா 18. ஒன்பதே முக்கால்ல இருக்குற வண்டிக்கும் பத்தேகால் வண்டிக்கும் ஷோரூம் விலைல அரை லட்சந்தான் வித்தியாசம்னு தோணும், டாக்ஸ்லயே இன்னொரு அரை லட்சத்துக்கு மேல போயிடும். சேல்ஸ் பசங்க டாப் வேரியண்டுக்குத் தள்ளும்போது இதைச் சொல்ல மாட்டாங்க.

வைகைக்கரை:
வேகன்ஆர்ல ஒரு தகவல். பக்கத்து சீட்டு அப்படியே வெளிய பாத்து திரும்புற மாதிரி ஸ்விவல் சீட்டை மாருதி 2025 டிசம்பர்ல கொண்டு வந்தாங்க, முதல்ல சில ஊர்கள்ல மட்டும். எங்க பாட்டிக்காக விசாரிச்சப்ப தெரிஞ்சுது. அம்மாவுக்கு ரொம்ப முடியலைன்னா கேட்டுப் பாருங்க.

சாரல்மழை:
எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி, இவ்வளவு விவரமா எழுதுவீங்கன்னு நெனைக்கல. ஊருக்கு வந்து ரெண்டு பேரையும் கூட்டிட்டு ஷோரூம் ஷோரூமா போயிட்டு வந்தேன். பிசியோ அக்கா சொன்னது நூத்துக்கு நூறு. அமேஸ்ல அப்பா ஓட்டிப் பாத்துட்டு எறங்க மனசில்லாம உக்காந்திருந்தார், அவ்ளோ ஸ்மூத்தா இருந்துச்சாம். ஆனா அம்மா உக்காரும்போது கடைசி அரை அடி தொப்புனு விழுறாங்க, எழுந்திரிக்க ஒரு கை கதவுல, ஒரு கை என் தோள்ல. டிசையரும் அதே கதை. வேகன்ஆர்ல யாரையும் பிடிக்காம வீட்டு நாற்காலில உக்காருற மாதிரி உக்காந்துட்டாங்க, தரை தாழ்வு, சீட் உசரம், அம்மாவுக்கு அதுதான் வேணுமாம். பஞ்ச்ல கதவு நல்லா அகலமா 90 டிகிரிக்குத் திறக்குது, சீட்டும் சரியான உசரம், ஆனா கதவுக்குக் கீழ இருக்குற அந்தத் திண்டு அகலம், சேலை அதுல உரசுது, காலை கொஞ்சம் தூக்கித்தான் வைக்கணும். முதல் தடவை தடுமாறுனாங்க, அக்கா சொன்ன மாதிரி முதுகு காட்டி உக்காந்து காலைத் திருப்பிப் போடச் சொன்னதும் சரியாயிடுச்சு. இப்ப வேகன்ஆரா பஞ்சான்னு நிக்குது. அம்மா வசதியைப் பாத்தா வேகன்ஆர், எனக்கு அந்த ஒத்த ஸ்டார் மனசுல உறுத்திக்கிட்டே இருக்கு.

கியர்பாக்ஸ் மதுரை:
நான் இன்னும் அமேஸ்தான் சொல்வேன் சிஸ்டர், சீட் மேல ஒரு கெட்டி குஷன் போட்டா அம்மாவுக்கு உசரம் சரியாயிடும்ல.

பிசியோ அக்கா:
தம்பி, குஷன் வேணாம். இடி பட்டா அது நழுவும், லேப் பெல்ட் இடுப்பு எலும்புல இருந்து வயித்துக்கு ஏறிடும். சீட் பெல்ட் வேலை செய்யுறதே இடுப்பெலும்புல பிடிக்குறதாலதான்.

கியர்பாக்ஸ் மதுரை:
ஓ, இது தெரியாது க்கா, சரி. அப்ப ஏஎம்டிதான்னா சிஸ்டர், பிளைன் ரோட்டுல மட்டும் ஓட்டிப் பாத்துட்டு வந்துடாதீங்க. ஏத்தத்துல நிப்பாட்டி எடுக்கணும், ரிவர்ஸ்ல ஏத்தணும், டவுன்ல ஊர்ந்து போகணும். அந்த இழுப்பு அப்பாவுக்கு எரிச்சலா இருக்கான்னு அப்பதான் தெரியும்.

குற்றாலம் ஒர்க்‌ஷாப்:
திருநெல்வேலி ரோட்டுல ஓடுற வண்டிக்கு நான் பஞ்ச் சொல்லுவேன்மா. நாலுவழி ஆனதுல இருந்து எல்லாவனும் பறக்கான். ரெண்டு கம்பெனிக்கும் நம்ம பக்கத்துல சர்வீஸ் எப்படி இருக்குன்னு ஷோரூம்காரன்கிட்ட கேக்காதீங்க, காலையில ஒன்பது மணிக்கு சர்வீஸ் வாசல்ல போயி நின்னு, வண்டி விட வந்திருக்கவங்க நாலு பேருகிட்ட பேசிப் பாருங்க. எந்த வேலைக்கு வந்திருக்காங்க, எத்தனாவது தடவைன்னு அவங்களே சொல்லிருவாங்க.

சாரல்மழை:
அண்ணாச்சி சொன்ன மாதிரி போய் நின்னு பேசுனேன், ரொம்ப உபயோகமா இருந்துச்சு. பஞ்ச் ஏஎம்டி முடிவு பண்ணிட்டோம். டெஸ்ட் டிரைவுக்கு செங்கோட்டை தாண்டிப் போகணும்னு கேட்டு வாங்கி, அப்பா ஏத்தத்துலயே நிப்பாட்டி நிப்பாட்டி எடுத்துப் பாத்தார். இழுப்பு தெரியுது, ஆனா கியர் மாறுற நேரம் காலை லேசா தளர்த்துனா தெரியலன்னு அவரே கண்டுபிடிச்சுட்டார். அம்மாவும் சரின்னுட்டாங்க. இனி டெலிவரிக்கு முன்னால என்ன பாக்கணும், இன்சூரன்ஸ் ஷோரூம்லயே எடுக்கணுமா?

நாலுவழிச்சாலை:
வாழ்த்துகள். இன்சூரன்ஸ் அவங்ககிட்டத்தான் எடுக்கணும்னு எந்தக் கட்டாயமும் இல்ல. தேர்டு பார்ட்டி, அதாவது நம்ம வண்டியால அடுத்தவங்களுக்கு ஆகுற நஷ்டத்துக்கானது, புது காருக்கு 3 வருஷம் சேத்து எடுத்தே ஆகணும், 2018ல இருந்து அப்படித்தான், நம்ம வண்டி சேதத்துக்கான ஓன் டேமேஜ் ஒரு வருஷம் போதும். வெளிய ஒரு கொட்டேஷன் வாங்கிட்டுப் போய் காட்டுங்க, அங்கேயே விலை இறங்கும். கிளெய்ம்ல பார்ட்ஸ் தேய்மானத்தைக் கழிக்காத ஜீரோ டெப் கவரை மட்டும் விடாதீங்க. ரிஜிஸ்ட்ரேஷனுக்கு முன்னாடியே வண்டியை நேர்ல பாத்துடணும், நம்பர் ஏறுன பிறகு குறை சொன்னா யாரும் மாத்தித் தர மாட்டாங்க. கம்பெனி பிளேட்ல தயாரிச்ச மாசம் வருஷம் இருக்கும், டயர்ல நாலு நம்பர் இருக்கும், முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம். நாலு டயரோட ஸ்டெப்னியையும் சேத்துப் பாருங்க. பெயிண்ட் பகல் வெளிச்சத்துல மட்டும் பாருங்க. அப்பா லைசென்ஸ் தேதியையும் ஒருதடவை பாத்துக்கோங்க, 55 தாண்டுனவங்களுக்கு அஞ்சஞ்சு வருஷமாத்தான் ரினியூ பண்ணுவாங்க, டாக்டர் சர்டிஃபிகேட் வேணும். லைசென்ஸ் செத்துப்போயிருந்தா கிளெய்ம்ல பிரச்சனை ஆகும்.

சாரல்மழை:
லைசென்ஸ் அடுத்த வருஷம்தான் முடியுது, நல்லவேளை. கடைசியா ஒண்ணு, அப்பா நாப்பது வருஷமா மேனுவல்தான் ஓட்டுறார், உடனே ரோட்டுல எடுக்கலாமா?

குற்றாலம் ஒர்க்‌ஷாப்:
எடுக்க வேண்டாம்மா. பழக்கத்துல இடது கால் கிளட்சைத் தேடும், கிளட்ச்சுன்னு நெனச்சு பிரேக்கை ஓங்கி மிதிச்சிருவாங்க, பின்னால வாரவன் வந்து இடிப்பான். காலையில வெறுங்கிரவுண்டுல இடது காலை ஓரமா இருக்க திட்டுல ஒதுக்கி வச்சுட்டு, வலது காலை மட்டும் வச்சு எடுத்து நிப்பாட்டிப் பழகச் சொல்லுங்க. பிரேக்குல கால் இருந்தாத்தான் கியரைத் தொடணும். ஏஎம்டில பார்க்கிங் கியர் கிடையாது, எறங்குமுன்ன ஹேண்ட்பிரேக் இழுத்துட்டுத்தான் சாவிய எடுக்கணும். முதல் வாரம் ஷூ போட்டு ஓட்டட்டும், செருப்பு வேண்டாம். புளியரைக்கு முதல் தடவை போகும்போது நான் வேணும்னா பக்கத்துல உக்காந்து வாரேன், சார்கிட்ட சொல்லி வைங்க.