நந்தியாவட்டையில் இலைகளைத் தைக்கும் பறவை எது?

கேள்வி
கும்பகோணத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையிலுள்ள நந்தியாவட்டைப் புதரில், சிட்டுக்குருவியைவிடச் சிறிய பறவைகள் இரண்டு அடிக்கடி வந்து போகின்றன. உச்சந்தலை துரு நிறம், முதுகு மங்கிய பச்சை, வயிறு வெளுப்பு. வாலை நிமிர்த்தியபடி, உடலுக்குச் சற்றும் பொருந்தாத உரத்த குரலில் ‘ட்விட், ட்விட்’ என்று விடாமல் கூப்பிடுகின்றன. ஒன்றின் வாலில் மட்டும் நடுவிறகுகள் ஊசிபோல நீண்டிருப்பதால், இரண்டும் ஒரே இனமா என்ற ஐயம் எழுகிறது. அதே புதரில் இரண்டு இலைகளின் ஓரங்கள் பஞ்சால் இணைக்கப்பட்டுள்ளன. இது தையல்சிட்டுதானா?

மறுமொழி 1
தையல்சிட்டுதான், இரண்டும் சோடி. இனப்பெருக்கக் காலத்தில் ஆணுக்கு மட்டும் வாலின் நடுவிறகுகள் நீளும். கூப்பிடும்போது கழுத்தின் பக்கவாட்டில் கருந்திட்டு தெரிகிறதா என்று பாருங்கள். ஆனால் இலை தைக்கப்பட்டிருப்பதை மட்டும் வைத்து முடிவு செய்துவிட முடியாது, ஏனெனில் நம் தோட்டங்களில் காணப்படும் சாம்பல் கதிர்க்குருவியும் இலைகளைத் தைத்துக் கூடு கட்டுவதுண்டு. அதற்குத் தலை சாம்பல் நிறம், வயிறு செம்மஞ்சள் சாயல். பறக்கும்போது ‘டிக் டிக்’ என்று சொடுக்கும் ஒலியும் கேட்கும்.

மறுமொழி 2
மேலே சொன்னது சரி. தைக்கும் வேலை முழுவதும் பெண் பறவையுடையது. அலகால் இலையோரத்தில் நுண்ணிய துளையிட்டு, பஞ்சு, தாவர நார், சிலந்தி நூல் ஆகியவற்றில் ஒன்றை அதன் வழியே இழுக்கிறது. முடிச்சு எதுவும் கிடையாது. வெளியே வந்த நுனி பிரிந்து திரண்டுகொள்வதால் இழை பின்னோக்கி நழுவுவதில்லை. துளைகள் மிகச் சிறியவை என்பதால் இலை வாடாமல் பச்சையாகவே நின்று கூட்டை மறைக்கிறது. அந்த இலைப்பைக்குள்தான் பஞ்சு மெத்தையிட்ட கூடு அமைகிறது. அடைகாக்கும் காலம் ஏறத்தாழ 12 நாட்கள். குஞ்சுகள் பொரித்துச் சுமார் 14 நாட்களில் கூட்டை விட்டு வெளியேறும். குஞ்சுகளுக்கு இரை ஊட்டுவதில் ஆணும் பங்கு கொள்ளும். முதன்மை உணவு பூச்சிகளே என்றாலும், தேனுக்காக இலவம்பூக்களையும் நாடும். அப்போது மகரந்தம் படிந்து தலை பொன்னிறமாகிவிடுவதால், பழகிய கண்களுக்கே அடையாளம் தடுமாறும்!

கேள்வி கேட்டவர்
மிக்க நன்றி. கருந்திட்டு தெரிந்தது. அந்தப் புதரைக் கத்தரிக்க அடுத்த வாரம் ஆள் வருவதாக இருக்கிறார்.

மறுமொழி 3
குஞ்சுகள் பறந்து செல்லும்வரை அதைத் தள்ளிப்போடுங்கள். படம் எடுப்பதற்காக இலைகளை விலக்கவும் வேண்டாம். தாய்ப்பறவை கூட்டைக் கைவிட்டுவிடக்கூடும், தாழ்வான கூட்டைப் பூனையும் எளிதில் கண்டுகொள்ளும். பூச்சிமருந்து தெளிப்பதையும் அதுவரை நிறுத்திவையுங்கள். புழுக்களை அவையே பார்த்துக்கொள்ளும்.