உலைவுப் புரதம்: ஒரு முன்மொழிவும் மறுமடலும்

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

உயிரணுக்களின் நிலையை அறியும் கருவி ஒன்றின் காப்புரிமைச் சுருக்கத்தைத் தமிழாக்கும்போது ஒரு வாக்கியத்தில் சிக்கிக்கொண்டேன். நுண்குழாயில் பாய்மம் உரசிச் செல்வதால் உயிரணுவின் மேற்பரப்பில் எழும் விசையையும், அதனால் உயிரணுவுக்குள் நேரும் அவதியையும் ஆங்கில மூலம் ‘ஸ்ட்ரெஸ்’ என்னும் ஒரே சொல்லால் குறிக்கிறது. முன்னதை நாம் ‘தகைவு’ என்று பாடநூலில் படித்திருக்கிறோம். இலங்கையில் அது ‘தகைப்பு’. பின்னதற்கும் அதையே ஆண்டபோது, ‘தகைவால் தகைவுற்ற உயிரணு தகைவுப் புரதங்களை உண்டாக்குகிறது’ என்று வந்தது. எழுதிய எனக்கே அது விளங்கவில்லை. ‘அழுத்தம்’ என்றாலோ வாசகர் காற்றழுத்தத்தையோ மன அழுத்தத்தையோ நினைப்பார். உயிரணுவுக்கு இரண்டும் பொருந்தா.

அவதியுறும் உயிரணு உண்டாக்கும் இப்புரதங்களுக்கு ‘வெப்ப அதிர்ச்சிப் புரதம்’ (ஆங்கிலச் சுருக்கம் எச்.எஸ்.பி.) என்னும் பெயர் இப்போது ஓரளவு பரவியிருக்கிறது. ஆனால் அது தொடக்கத்திலிருந்தே குறுகலான பெயர். 1962-இல் மரபியலாளர் ஃபெருச்சியோ ரிட்டோசா பழ ஈயின் உமிழ்நீர்ச் சுரப்பியில் குரோமோசோம்கள் புதிய இடங்களில் புடைத்திருப்பதைக் கண்டு எழுதினார். இன்குபேட்டரின் வெப்பநிலை தற்செயலாகக் கூடியதே அதற்கு வழிவகுத்தது என்பது பலரும் அறிந்த கதை. அதே கட்டுரையில் டைநைட்ரோபீனால் என்னும் வேதிப்பொருளும் அதே புடைப்பை உண்டாக்கியதாக அவர் குறித்திருப்பதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். அப்புடைப்புகளுக்குப் பின்னால் இருந்த புரதங்கள் 1974-இல் தெரியவந்தன. கன உலோகம், சாராயம், ஆக்சிஜன் குறைவு, தொற்று என எது வந்தாலும் உயிரணு அவற்றை உண்டாக்கும் என்பது பின்னர் உறுதியாயிற்று. குளிருக்கும் உண்டாகும் புரதத்தை ‘வெப்ப’ என்று தொடங்குவது முறையாகப் படவில்லை.

என் முன்மொழிவு ‘உலைவு’. ‘உலைவிடத்து ஊறஞ்சா வன்கண்’ என்று குறள் படையைச் சொல்லும்போது, தாக்குண்டு நிலைகுலையும் நேரத்தையே அச்சொல் குறிக்கிறது. கூந்தல் உலைந்தது என்றால் கட்டுக் குலைந்தது என்று பொருள். உயிரணுவுக்குள்ளும் முதலில் குலைவது புரதங்களின் மடிப்புதான். தன்வினை, பிறவினை இரண்டும் கைவசம் இருப்பது இச்சொல்லின் பெரிய வசதி: வெப்பம் உயிரணுவை உலைக்கிறது, உயிரணு உலைகிறது. உலைப்பது உலைப்பி, விளைவது உலைவு எதிர்வினை, அப்போது பெருகுவது உலைவுப் புரதம்.

இதைக் கொண்டு ஒரு பத்தியை எழுதிப் பார்த்தேன். ‘இயல்பான நிலையில் எச்.எஸ்.பி. 90 முதலியவை எச்.எஸ்.எஃப். 1 என்னும் படியெடுப்புக் காரணியைப் பிடித்து அடக்கி வைத்திருக்கின்றன. உயிரணு உலைந்து, மடிப்புக் குலைந்த புரதங்கள் மிகும்போது இவை அவற்றின் பக்கம் திரும்புவதால் பிடி விடுகிறது. விடுபட்ட காரணி மும்மூன்றாகச் சேர்ந்து உட்கருவில் உலைவுப் புரத மரபணுக்களை முடுக்குகிறது. அம்மரபணுவின் முடுக்கிப் பகுதியோடு பச்சை ஒளிர் புரத மரபணுவை இணைத்துவிட்டால், நச்சுப்பொருள் பட்டு உலைந்த உயிரணு பச்சையாக ஒளிர்ந்து தன் நிலையைக் காட்டும்.’ முதல் வாசிப்பிலேயே பொருள் பிடிபடுகிறதா என்று சொல்லுங்கள்.

முந்தைய மடலில் ஒரு நண்பர் ‘காப்புப் புரதம்’ போதும் என்றார். செயலைக் கொண்டு பெயரிட்டால், அது பொய்க்கும் இடத்தில் மாட்டிக்கொள்வோம். நோயெதிர்ப்பியலாளர் பிரமோத் ஸ்ரீவஸ்தவாவின் ஆய்வுகளில், எலியின் கட்டியிலிருந்து பிரித்த ஜி.பி. 96 என்னும் உலைவுப் புரதம் அதே கட்டிக்கு எதிராக மட்டுமே எதிர்ப்பாற்றலைத் தந்தது. அப்புரதம் சுமந்து வரும் பெப்டைடுகளே (புரதத் துணுக்குகளே) கட்டியின் அடையாளம். நோயெதிர்ப்பு உயிரணுக்கள் சி.டி. 91 என்னும் ஏற்பி வழியாக அதை உள்வாங்கி, அந்தப் பெப்டைடுகளை மற்றவற்றுக்குக் காட்டுகின்றன. இவ்வழியில், நோயாளியின் சொந்தக் கட்டியிலிருந்து செய்த தடுப்பூசி ஒன்றுக்கு 2008-இல் ரஷ்யா சிறுநீரகப் புற்றுநோய்க்கு ஒப்புதல் அளித்தது. உள்ளே இருக்கும்வரை புற்றுநோய் உயிரணுவையே காக்கும் இக்குடும்பம், வெளியே வந்தால் அதைக் காட்டிக்கொடுக்கிறது. ‘காப்பு’ யாருக்கு?

இன்னொன்று: கருவி உயிரணுவைப் பார்ப்பதும், உடல் தன் உயிரணுக்களிடையே கெட்டதைத் தேடி அழிப்பதும் தமிழில் ‘கண்காணிப்பு’ ஆகிவிடுகின்றன. முன்னதற்கு அச்சொல்லையே வைத்துக்கொண்டு, பின்னதை ‘நோயெதிர்ப்புக் காவல்’ எனலாம். காவலில் பார்ப்பதோடு பிடிப்பதும் அடக்கம். (‘செல் கண்காணிப்பு’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், கைப்பேசியை ஒட்டுக்கேட்பதாகப் படிப்பார்கள்.)

*

மறுமடல்:

ஐயா, வணக்கம். காவல், கண்காணிப்பு என்ற பிரிப்பை முழுமனத்தோடு ஏற்கிறேன். ‘உலைவு’ குறித்து இரண்டு தயக்கங்கள் உண்டு. ‘உலை’ என்றதும் அடுப்பும் கொல்லன் உலையும் நினைவுக்கு வருவதால், தாங்கள் வெளியேற்ற விரும்பிய வெப்பம் பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிடுகிறது; ‘உலைப்பி’ என்றால் சூடேற்றும் கருவி என்றே கொள்வர். மேலும், லகர ளகர வேறுபாடு பேச்சில் தேய்ந்துவரும் இந்நாளில், ‘உளைச்சல்’ என்று காதில் விழுந்து மறுபடியும் மனத்துக்கே போய்விடும். ‘இடர்ப் புரதம்’ எளிதன்றோ? காப்புப் புரதம் என்று முன்பு எழுதியவன் நான்தான். மற்றப் புரதங்களை மடிக்க உதவும் வகைக்காவது அப்பெயரைத் தரலாமா?

*

அன்பரே, உலைப்பியைத் திரும்பப் பெறுகிறேன். ‘உலைவுக் காரணி’ இருக்கட்டும். ‘இடர்’ ஏற்கெனவே நோய் வரும் வாய்ப்பைக் குறிக்கப் பயன்பட்டுவருவதால், ஒரே மருத்துவக் கட்டுரையில் இரண்டும் மோதும். உளைச்சலோடு ஒலி நெருங்குவது உண்மைதான். ஆனால் நம் சொல் பெரும்பாலும் கண்ணால் படிக்கப்படுவது என்பதால் அக்குறையைப் பொறுத்துக்கொள்ளலாம்.

மடிக்க உதவும் வகைக்கு ‘செவிலிப் புரதம்’ என்பேன். 1978-இல் ரான் லாஸ்கி என்னும் ஆய்வாளர் ஒரு புரதத்துக்குச் சூட்டி, பின்னர் அவ்வகை முழுவதற்கும் ஆகிவந்த ‘சாப்பரோன்’ என்னும் மூலப்பெயர், இளம்பெண்ணுடன் காவலாகச் செல்லும் மூத்தவளைக் குறிப்பது. நம் அகப்பாடல்களின் செவிலியும் அவளேதான். இவ்வகைப் புரதங்களில் பல உலைவே இல்லாதபோதும் உயிரணுவில் இருப்பவை. உலைவுப் புரதங்களிலோ, அழிக்க வேண்டியதற்கு முத்திரை குத்தும் யுபிக்விட்டின் போலச் செவிலி அல்லாதவையும் உண்டு. ஆகவே இரண்டு பெயர்களும் தேவை. எச்.எஸ்.பி. 70-க்குத் துணைநிற்கும் எச்.எஸ்.பி. 40-ஐத் ‘தோழிப் புரதம்’ எனலாம். தோழி செவிலியின் மகள் என்பது இலக்கணம். குரோ.ஈ.எல். என்னும் செவிலி, ஏழேழு துணையலகுகள் கொண்ட இரட்டை வளையத்துக்குள் புரதத்தை வைத்து மூடி மடியவிடுவதற்கு, தலைவியை வீட்டுக்குள் காவலில் வைப்பதைக் குறிக்கும் ‘இற்செறிப்பு’ என்ற அகத்திணைச் சொல்லை எழுத என் கை துடிக்கிறது. அது மிகையென்று தோன்றினால் சொல்லிவிடுங்கள்.