டூயல் பூட்டில் பார்ட்டிஷன் அளவை மாற்றும்போது: அனுபவங்களைப் பகிருங்கள்

ஒரே கணினியில் விண்டோஸும் உபுண்டு லினக்ஸும் இருப்பதுதான் டூயல் பூட். விண்டோஸின் சி டிரைவிலிருந்து இடம் எடுத்து உபுண்டுவுக்குக் கொடுக்க, பார்ட்டிஷன்களின் (டிஸ்கைப் பிரித்த பகுதிகளின்) அளவை மாற்றணும். சி டிரைவில் 120 ஜிபி காலி, ஆனால் விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் ஷ்ரிங்க் (சுருக்கு) கொடுத்தால் 4 ஜிபிதான் தரும். டிஸ்க் பழுது என்று பயப்பட வேண்டாம். ஹைபர்னேட் கோப்பு (அணைக்கும்போது மெமரியைச் சேமிப்பது), பேஜ் ஃபைல் (மெமரி போதாதபோது உதவுவது), சிஸ்டம் ரெஸ்டோர் பிரதிகள் (பழைய நிலைக்குத் திரும்ப வைத்திருப்பவை) இவற்றில் ஏதோ ஒன்று பார்ட்டிஷனின் வால் பக்கம் கிடக்கும். அதைத் தாண்டி விண்டோஸ் சுருக்காது. எது தடுக்கிறது என்று ஈவென்ட் வியூவரில் (விண்டோஸின் பதிவேடு), அப்ளிகேஷன் லாகில் 259-ஆம் எண் பதிவே பெயரோடு சொல்லும். மூன்றையும் நிறுத்தி, ரீஸ்டார்ட் செய்துவிட்டு மறுபடி ஷ்ரிங்க் கொடுங்கள். பழைய ரெஸ்டோர் பாயின்ட்கள் போய்விடும், தெரிந்தே செய்யுங்கள். ஹைபர்னேட் நின்றால் விண்டோஸை வேகமாகத் தொடங்க வைக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பும் நிற்கும். அதுவும் தேவைதான்: அது இயங்கினால் சி டிரைவ் சரியாக மூடப்படாமலே இருக்கும், லினக்ஸ் பக்கமிருந்து அதைத் தொடக்கூடாது. டிஸ்கைப் பூட்டும் பிட்லாக்கர் இருந்தால் 48 இலக்க மீட்பு எண்ணை முதலில் காகிதத்தில் எழுதுங்கள்.

*

இடம் கிடைத்த பிறகுதான் உண்மையான சிக்கல். பெரும்பாலும் வரிசை இப்படி இருக்கும்: ஈஎஃப்ஐ (பூட் கோப்புகள்), சி, விண்டோஸ் ரெக்கவரி (விண்டோஸ் பழுதானால் மீட்கும் பகுதி), அப்புறம் உபுண்டு. சுருக்கிய இடம் ரெக்கவரிக்கு முன்னால் விழும், உபுண்டுவை ஒட்டி வராது. ஜிபார்ட்டெட் (பார்ட்டிஷன் மாற்றும் கருவி) உள்ள லைவ் பென்டிரைவில், அதாவது டிஸ்கைத் தொடாமல் பென்டிரைவிலிருந்தே, பூட் செய்து ரெக்கவரியை இடப்பக்கம் நகர்த்தி, பிறகு உபுண்டுவின் தொடக்கத்தை இழுக்கணும். தொடக்கம் நகர்ந்தால் உள்ளே உள்ள டேட்டா மொத்தமும் இடம் மாறும். பழைய ஹார்ட் டிஸ்கில் பல மணி நேரம் ஆகும். நடுவில் கரண்ட் போனால் பாதி அங்கே, பாதி இங்கே. லேப்டாப் என்றாலும் சார்ஜரைக் கழற்றாதீங்க. பேக்கப் வேறு டிஸ்கில் இருக்கணும்.

ரெக்கவரியை அழித்துவிடாதீங்க. 2024 ஜனவரியில் விண்டோஸ் 10-க்கு வந்த கேபி5034441 அப்டேட், அதில் இடம் போதாத கணினிகளில் ஏறவே இல்லை. 250 எம்பி கூட்டச் சொன்னது மைக்ரோசாஃப்ட். எப்படியும் நகர்த்துகிறீர்கள், அப்போதே கூட்டிவிடலாம்.

*

நகர்த்தாமலே முடிக்கலாம், நான் சிபாரிசு செய்வது இதைத்தான். காலியிடத்தில் புதிதாக ஈஎக்ஸ்டி4 (லினக்ஸின் கோப்பு முறை) பார்ட்டிஷன் போடுங்கள். லைவ் பென்டிரைவிலிருந்து ஆர்சிங்க்கை (நகலெடுக்கும் கட்டளை) ஆர்க்கைவ் முறையில் ஓட்டி உபுண்டுவில் உங்கள் கோப்புகள் உள்ள ஹோம் ஃபோல்டரை அங்கே நகலெடுத்து, புதிய பார்ட்டிஷனின் அடையாள எண்ணான யூயூஐடியை எஃப்எஸ்டேப் கோப்பில் (பூட் ஆகும்போது எந்தப் பார்ட்டிஷனை எங்கே இணைப்பது என்ற பட்டியல்) சேர்த்தால் போதும். அதில் ஓர் எழுத்து தவறினாலும் பூட் ஆகும்போது 90 விநாடி காத்திருந்து எமர்ஜென்சி மோடில் (கட்டளை மட்டும் தரக்கூடிய திரை) நிற்கும். பழைய ஹோமை ஒரு வாரம் கழித்து அழியுங்கள்.