பழைய எலக்ட்ரானிக் டிரம் செட்டில் பம்பை சத்தம் ஏற்ற 2764 சிப் மாற்றுவது எப்படி?

குடியாத்தம் பேட்:
80களில் வந்த டிரம் செட். ஒவ்வொரு டிரம்முக்கும் சாக்கெட்டில் ஒரு ஈப்ராம் (அந்த டிரம் சத்தம் பதிந்த மெமரி சிப்). ஸ்டிக்கரை உரித்துப் பார்த்தால் 2764 என்று இருக்கு. வைகாசி 1 கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குள் இரண்டு டாம் சத்தத்தை எடுத்துவிட்டு பம்பை, பறை ஏற்றணும். எந்த சிப் வாங்கணும்? வேவ் ஃபைலை அப்படியே ரைட் பண்ணலாமா?

பாலாற்றங்கரை:
முதலில் ஸ்டிக்கரைத் திரும்ப ஒட்டுங்க. அதற்கு அடியில் உள்ள கண்ணாடி ஜன்னல் வழியாக வெளிச்சம் பட்டுத்தான் சிப்பில் உள்ளது அழியும். நேர் வெயிலில் ஒரு வாரம் கிடந்தாலே போதும்.

அடுத்து, பழைய சிப்பை ரீட் பண்ணி ஃபைலாக வைத்துக்கொள்ளுங்க. அதைச் செய்யாமல் எதையும் தொடாதீங்க.

புதுசுக்கு 27சி64 கேளுங்க, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் தேடிப் பாருங்க. பழைய 2764க்கு ரைட் பண்ண 21 வோல்ட் வேணும், விலை குறைந்த புரோகிராமர் (சிப்பில் ரைட் பண்ணும் கருவி) பலதும் அவ்வளவு தராது. 27சி64க்கு 12.5 வோல்ட் போதும். வேறு எதிலோ கழற்றின பழைய சிப் என்றால் யூவி (புற ஊதா) விளக்கிலிருந்து 2.5 செ.மீ. தூரத்தில் 15-20 நிமிஷம் வைத்து அழியுங்க. ரீட் பண்ணும்போது எல்லா பைட்டும் எஃப்எஃப் (ஹெக்ஸ் எண்ணில் 255) என்று வந்தால்தான் காலி.

ஆற்காடு சால்டர்:
வேவ் ஃபைல் அப்படியே ஆகாது. முன்னால் உள்ள 44 பைட் ஹெட்டரும் சத்தமாக ஒலிக்கும், அதை வெட்டிவிட்டு ரா 8 பிட்டாக (வெறும் சத்த பைட் மட்டும்) எடுங்க. மொத்தம் 8192 பைட். 24 கிலோஹெர்ட்ஸில் அது 0.34 செகண்ட்தான். பறை அடிக்கு அது தாராளம். பம்பையில் பித்தளை டிரம், மர டிரம் இரண்டையும் தனித்தனியாகப் பதிந்து இரண்டு சிப்பில் போடுங்க. ஒன்றாகக் கலந்தால் இரண்டும் மாறி மாறிப் பேசுவதே போயிடும். கடைசி சில நூறு பைட்டில் சத்தத்தை மெல்லக் குறைக்கணும், இல்லாவிட்டால் ஒவ்வொரு அடிக்கும் 'டிக்' கேட்கும். 12 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளதை, 24 கிலோஹெர்ட்ஸுக்கு மாற்றுவதற்கு முன்பே வடிகட்டுங்க.

இதில்தான் பலரும் தவறுகிறார்கள்: எல்லா மெஷினும் நேர் 8 பிட் கிடையாது. லின்டிரம், ஓபர்ஹைம் டிஎம்எக்ஸ் என்ற 80களின் டிரம் மெஷின் இரண்டிலும் ஏஎம்6070 என்ற டிஏசி (பைட்டைச் சத்தமாக்கும் சிப்); அமுக்கிப் பதிந்த பைட்டை அது விரித்து ஒலிக்கும். அதில் சாதா பைட்டைப் போட்டால் வெறும் இரைச்சல். பழைய சிப் ஃபைலை ஹெக்ஸ் எடிட்டரில் (பைட்டை எண்ணாகக் காட்டும் சாஃப்ட்வேர்) திறந்து வால் பகுதியைப் பாருங்க. அமைதி வரும் இடத்தில் 80ஐச் சுற்றி 7எஃப், 81 என்று ஆடினால் நேர் 8 பிட். 00க்கும் 80க்கும் தாவினால் அமுக்கின வகை, அதற்கேற்ற மாதிரி மாற்றித்தான் ரைட் பண்ணணும்.

குடியாத்தம் பேட்:
7எஃப், 80, 81தான். ரைட் ஆயிடுச்சு, வெரிஃபையும் சரி. ஆனால் பறை அடி பாதியில் திரும்ப முதலிலிருந்து வருதுங்க.

பாலாற்றங்கரை:
2ஆம் கால் சாக்கெட்டுக்குள் போகாமல் மடங்கியிருக்கும். அதுதான் மேல் அட்ரஸ் லைன், அது விட்டுப்போனால் ஒரே 4096 பைட்டை இரண்டு தடவை ஓட்டும். டேட்டா கால் மடங்கியிருந்தால் கரகரப்பு வரும். புது சிப்பில் கால்கள் அகலமாக விரிந்திருக்கும், மேஜையில் பக்கவாட்டில் அழுத்தி நேராக்கிட்டுப் போடுங்க. பிளக்கைக் கழற்றிவிட்டு, தட்டை ஸ்குரூ டிரைவரால் இரண்டு முனையையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக நெம்புங்க. சிப்பின் ஒரு முனையில் உள்ள குழிவு முன்பு இருந்த பக்கமே இருக்கணும், திருப்பிப் போட்டால் ஆன் பண்ணின உடனே சூடாகிப் போயிடும்.

குடியாத்தம் பேட்:
2ஆம் கால்தான் உள்பக்கம் மடங்கியிருந்தது. நேராக்கினதும் முழு அடியும் வருது.